நீர்காத்த அய்யனார் முதல் வீட்டு டிரம் வரை: நகரத் திட்டத்தில் சுகாதாரத் துறைக்கு என்ன வேலை?

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் சாமிக்குப் பெயரே ‘நீர்காத்த அய்யனார்’. மலையில் மழை பெய்துவிட்டால் போதும், அய்யனார் கோவில் ஆற்றில் குளிக்க ஊரே வண்டியைக் கிளப்பும். அந்த ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, நகராட்சிக் குழாய் வழியாக ராஜபாளையம் வீடுகளுக்குக் குடிநீராக வருகிறது. மேலே இருக்கும் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம்.

ஆக, தண்ணீர் பிறக்கும் இடத்துக்குச் சட்டத்தின் காவல் உண்டு. அந்தத் தண்ணீர் ஊருக்குள் வந்தபிறகு என்ன ஆகிறது? அங்கேதான் ஒரு நகரத்தின் ஆரோக்கியம் தீர்மானமாகிறது.

டிரம்முக்கும் டெங்குவுக்கும் என்ன சம்பந்தம்?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாறுவதற்குச் சுமார் 7 முதல் 10 நாள் போதும். அதனால்தான், “வாரம் ஒருமுறை டிரம், தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள்” என்கிறது சுகாதாரத் துறை.

சரியான யோசனைதான். ஆனால், தமிழகத்தின் பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. அடுத்து என்றைக்கு வரும் என்று தெரியாத வீட்டில், இருக்கிற தண்ணீரை யார் கீழே ஊற்றுவார்கள்?

இங்கேதான் விஷயம் இருக்கு. எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது என்பது பார்வைக்குப் பொறியாளர் எடுக்கும் முடிவு. உண்மையில் அது ஒரு மருத்துவ முடிவும்கூட. மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு, குழாயின் அளவு, மழைநீர் வடிகாலின் சரிவு என எல்லாமே அப்படித்தான். காகிதத்தில் கோடு போடும்போது கோட்டைவிட்டால், அப்புறம் வீடு வீடாகக் கொசு மருந்தோடு அலைய வேண்டியதுதான்.

இது நகராட்சி வேலையா, சுகாதாரத் துறை வேலையா?

இரண்டும் சேர்ந்த வேலை என்று தமிழகச் சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. 1939-ல் வந்த சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டம், குடிநீர், கழிவுநீர், கொசு ஒழிப்பு ஆகியவற்றில் உள்ளாட்சி அமைப்புகளுக்குக் கடமைகளை வரையறுத்தது. மருத்துவமனைகளைக் கவனிக்கும் துறையிலிருந்து தனியாக, நோய் வராமல் தடுப்பதற்கென்றே பொதுச் சுகாதார இயக்குநரகம் இங்கே இயங்குகிறது. நகராட்சிகளில் சுகாதாரப் பிரிவும் இருக்கு, பொறியியல் பிரிவும் இருக்கு, நகரமைப்புப் பிரிவும் இருக்கு.

அப்புறம் என்ன குறை? நேரம்தான். நோய் வந்தபிறகு சுகாதாரப் பிரிவுக்கு முதல் அழைப்பு போகிறது. சாலை, மனைப்பிரிவு, குடிநீர்த் திட்டம் ஆகியவற்றின் வரைபடம் மேஜையில் இருக்கும்போது அவர்கள் குரல் பெரிதாகக் கேட்பதில்லை.

வெளிநாட்டில் எப்படிச் செய்தார்கள்?

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ்., 2015-ல் ‘ஆரோக்கியமான புது நகரங்கள்’ என்ற திட்டத்தை அறிவித்தது. 2016-ல் 10 குடியிருப்புப் பகுதிகள் தேர்வாகின. வீடு கட்டும் நிறுவனங்கள், உள்ளாட்சி மன்றங்கள் ஆகியோரோடு மருத்துவத் துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்தது. அந்தப் பத்தில் ஒன்றான பிஸ்டர் நகரில், நடைபாதைகளில் நீலக்கோடு வரைந்து 5 கி.மீ. நடைப்பயிற்சிப் பாதைகளை உருவாக்கினார்கள். செலவு குறைந்த யோசனை. வீட்டு வாசலிலிருந்தே நடக்கத் தொடங்கலாம்.

தமிழகத்தில் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு. 2023 நவம்பர் 4-ம் தேதி தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில், விருதுநகர் உட்பட 38 மாவட்டங்களிலும் 8 கி.மீ. நடைப்பயிற்சிப் பாதைகள் அறிவிக்கப்பட்டன. மாதத்தின் முதல் ஞாயிறன்று அங்கே மருத்துவ முகாமும் நடத்துவது திட்டம். சுகாதாரத் துறையும் உள்ளாட்சியும் கைகோத்த முயற்சி இது.

தேவையும் பெரியதுதான். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வின்படி தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். தேசிய அளவு 11.4 சதவீதம்.

ஆனால், மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது ஒரு தொடக்கம் மட்டுமே. ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இருக்கும் ஒரு சர்க்கரை நோயாளி தினமும் நடக்க, அவருடைய தெருவிலேயே நடைபாதை வேண்டும். பெரிய மனைப்பிரிவுகளில் பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு 10 சதவீத இடம் ஒதுக்க வேண்டும் என்று விதி இருக்கு. அந்த இடம் மூலையில் முள்செடி மண்டிக் கிடக்குமா, பாட்டியும் பேரனும் நடந்துபோகும் தூரத்தில் இருக்குமா என்பதை அனுமதிக்கு முன்பே கேட்க வேண்டும்.

நாம என்ன செய்யலாம்?

நகரத்துக்கான முழுமைத் திட்ட வரைவு வெளியாகும்போது மக்கள் ஆட்சேபமும் ஆலோசனையும் தரலாம். 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. அதற்கு முன்பே, உங்கள் பகுதியில் ஏரியா சபைக் கூட்டம் நடக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

• தண்ணீர் என்றைக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?
• புதுச் சாலையில் நடைபாதை இருக்கிறதா?
• இந்தத் திட்டத்தைச் சுகாதார அலுவலர் பார்த்தாரா?

மூன்றாவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், முதல் இரண்டும் அதிகாரிகளின் மேஜையிலேயே எழுந்திருக்கும். மலையடிவாரத்தில் தண்ணீரைக் காக்க அய்யனார் இருக்கிறார். ஊருக்குள் வந்த தண்ணீரைக் காப்பது நகராட்சியும் சுகாதாரத் துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.