கிராமங்களின் கழிவு நீர்

கிராமங்களில் வீட்டுக்கு வீடு குழாய் வைத்துக் குடிதண்ணீர் அளிப்பதற்காக மத்திய சர்க்கார் 2019-ம் வருஷத்தில் ஆரம்பித்த ஜல ஜீவன் திட்டத்தை நாம் மனமார வரவேற்கிறோம். தலைக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் கணக்கு. அதாவது, ஆயிரம் ஜனங்கள் வசிக்கும் ஊருக்கு 55,000 லிட்டர். குடித்ததும் சமைத்ததும் போக, இதில் பெரும்பாகம் குளித்த நீராகவும் பாத்திரம் கழுவிய நீராகவும் தெருவுக்கு வந்துவிடும். தண்ணீர் வரும் வழிக்கு எஞ்சினீயர்கள் படம் போட்டார்கள். போகும் வழிக்கு யார் போட்டார்கள்?

போகும் வழி பள்ளத்தை நோக்கித்தான். நமது ஊர்களில் பள்ளத்தில் இருப்பது குளம். அல்லது, அனேகமாக, ஏழைகளின் தெரு. மேட்டுத் தெருவினர் சிமெண்டுக் கால்வாய் கட்டிக்கொண்டு, சுகாதாரம் ஏற்பட்டுவிட்டதாகத் திருப்தி அடைகின்றனர். அது சுகாதாரமன்று, தமது அசுத்தத்தைப் பிறர் வாசலுக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடேயாகும். யானைக்கால் வியாதியைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு முட்டையிடுவது இவ்வாறு தேங்கிய சாக்கடையில்தான்.

இதற்குப் பரிகாரம் பெரிய யந்திரங்களில் இல்லை என்பது நமது அபிப்பிராயம். பட்டணத்துச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சிறு பஞ்சாயத்தின் தலையில் கட்டினால், மின்சாரக் கட்டணம் பாக்கி விழுந்து மோட்டார் நிற்கும் தினத்தில் சுத்திகரிப்பும் நின்றுவிடும். (கண்டிராக்டர்களுக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.) கொல்லையில் ஓர் உறிஞ்சு குழி வெட்டி, உடைகல் நிரப்பி, அதன் முன்னே பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்குவதற்கு ஒரு சிறு தொட்டி வைத்தால், ஒரு குடும்பத்தின் கழிவு நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். தொட்டியை அடிக்கடி வழித்துச் சுத்தம் செய்யவேண்டும். இல்லையேல் குழி அடைபட்டுப் போகும். மகாராஷ்டிரத்தில் நாந்தேட் ஜில்லாவைச் சேர்ந்த தேம்புர்ணி கிராமத்தார் இத்தகைய குழிகளைக் கொண்டே கொசுத் தொல்லையை அடக்கினார்கள்.

ஆனால் எல்லா மண்ணுக்கும் இது ஏற்றதன்று. களிமண் பூமியிலும், நிலத்தடி நீர் மேலெழுந்து நிற்கும் இடங்களிலும், குடிதண்ணீர்க் கிணற்றுக்குச் சமீபத்திலும் குழி வெட்டுவது தவறு. கக்கூஸ் நீரை இதில் ஒருபோதும் விடலாகாது. அத்தகைய ஊர்கள் சாக்கடை நீரை, அடுத்தடுத்து வெட்டிய இரண்டு மூன்று குட்டைகளில் பல நாட்கள் நிற்கச் செய்யலாம். வெயிலில் வளரும் பாசி பிராணவாயுவை வெளியிட, அதைக்கொண்டு நுண்கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடுகின்றன. இதற்கு மோட்டார் வேண்டியதில்லை, இடம்தான் வேண்டும். புறம்போக்கு முழுவதும் ஆக்கிரமிப்பாகிவிட்ட ஊர்களில் அதற்கு எங்கே போவது என்பது வேறு கேள்வி.

பணமில்லை என்பது சாக்காகாது. தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்டம் 2020-ல் வகுக்கப்பட்டபோது, 5,000 ஜனத்தொகைக்குட்பட்ட கிராமங்களில் கழிவு நீர் வேலைக்குத் தலைக்கு 280 ரூபாய் வரையில் செலவிட விதி செய்யப்பட்டது. ஆயிரம் பேருள்ள ஊருக்கு 2,80,000 ரூபாய்; அதில் 100-க்கு 30 பங்கு பஞ்சாயத்தின் நிதிக் கமிஷன் மானியத்திலிருந்து வரவேண்டும்.

தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் தினங்களில் மார்ச் 22-ம் தேதியும் ஒன்று. அது உலகத் தண்ணீர் தினம். அன்று கிராமவாசிகள் தலைவரையும் அங்கத்தினர்களையும் எழுப்பிக்கொண்டு, ஊரின் ஒவ்வொரு கால்வாயும் யாருடைய வாசலில் போய் முடிகிறது என்பதை நடந்தே பார்த்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.