கலங்கலில் புழு, தெளிந்தால் இறால்

மார்கழி பிறந்துவிட்டால் காவிரி டெல்டாவின் தூண்டில்காரர்கள் மதகுச் சுவரில் குனிந்து முதலில் பார்ப்பது தண்ணீரின் நிறத்தை. கலங்கலாக ஓடினால் அன்றைக்கு மண்புழு. ஒரு முழ ஆழம் வரை கண்ணுக்குப் புலப்படுகிற மாதிரி தெளிந்திருந்தால் தவளை, குட்டி மீன், உயிர் இறால். இரண்டும் இல்லாமல் லேசாகப் பச்சை பூத்துக் கிடந்தால் மாவு உருண்டை. எங்கும் எழுதி வைத்த விதி இல்லை இது. ஆனால் திருவாரூர்ப் பக்கத்து வாய்க்காலுக்கும் பழையாறு முகத்துவாரத்துக்கும் பொதுவான கணக்கு இதுதான்.

குளிர் என்று பார்த்தால் டெல்டாவில் அது ஒன்றும் பெரிய குளிர் இல்லை. நாகப்பட்டினம் கரையோரத்தில் மார்கழி விடியலில் வெப்பநிலை 22 டிகிரியை ஒட்டி நிற்கும். உள்ளே திருச்சிப் பக்கம் போனால் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். நமக்கு ஒரு மப்ளர் போதும். மீன் பாடு அப்படி இல்லை. உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு வழி கிடையாது. தண்ணீர் குளிர்ந்தால் உடம்பும் குளிரும். தண்ணீரின் வெப்பம் 10 டிகிரி இறங்கினால் மீனின் உடலியக்கம் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது பொதுவான கணக்கு. பசி மந்தமாகும், தின்றது செரிக்க நேரம் பிடிக்கும், இரையைத் துரத்தும் வேகம் போய்விடும். அகலமான ஆற்றில் இந்த மாற்றம் மெதுவாக வரும். முழங்கால் ஆழ வாய்க்காலோ ஒரே இரவில் குளிர்ந்துவிடும்.

இன்னொரு சங்கடமும் விடியற்காலையில் உண்டு. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் பாசியும் நீர்ச்செடியும் இரவு முழுவதும் அதை உறிஞ்சத்தான் செய்யும். அதனால் தேங்கிய நீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்து நிற்கும் நேரம் பொழுது விடிகிற நேரம்தான். கோடையில் கோழி கூவுமுன் கரைக்குப் போகிறவர்கள் மார்கழியில் காபி குடித்துவிட்டு, வெயில் ஏறட்டும் என்று சாவகாசமாகக் கிளம்புவதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது.

ஆனாலும் இங்கே எஜமான் மழைதான். கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. முதல் மூன்றும் வயலுக்கு. கொள்ளிடம் வெள்ளத்தை வாங்கிக் கடலுக்குக் கொண்டுபோக. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடப்படும். இந்த இடைவெளியின் நடுவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. கடலோர டெல்டாவுக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில்தான். அதுவரை வயலுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஆறு, ஐப்பசி கார்த்திகையில் வயல்தண்ணீரை வாங்கிக்கொள்ளும் வடிகாலாக மாறிவிடும். சம்பா வயலின் சேறு, அழுகிய களை, வைக்கோல் துணுக்கு எல்லாம் ஆற்றுக்கு வந்து சேரும். மீனுக்குக் கண் தெரியாத காலம் அது.

கண் தெரியாவிட்டால் என்ன, கெளுத்திக்கு உடம்பெல்லாம் நாக்கு. அதன் மீசையிலும் வாயைச் சுற்றியும் மட்டுமல்லாமல் தோலின் மேலும் சுவை மொட்டுகள் உண்டு. கலங்கல் நீரில் எங்கோ கசிகிற ஒரு புழுவின் சாற்றை மோப்பம் பிடித்து அது அடித்தரை வழியே தடவித் தடவி வந்துவிடும். வாளையும் அப்படித்தான், பெரிய வாய், நீண்ட மீசை, இருட்டில் வேட்டை. பொதுவாக இரவில் இரை தேடும் இந்த மீன்கள் கலங்கலில் பட்டப்பகலிலும் கடிக்கும். கார்த்திகையில் மண்புழுவுக்கு இருக்கும் மரியாதை இதனால் வந்தது. புழுவை எப்படிக் கோக்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. முள்ளின் வளைவு முழுவதும் உறை போட்டது போல ஏற்றிவிட்டு, வால் பக்கம் அரை விரலளவு தொங்கவிட வேண்டும். அந்த மிச்சம் நெளிவதும் கிழிந்த இடத்தில் சாறு கசிவதும்தான் வேலை செய்கின்றன. அரை மணி நேரம் ஊறி வெளுத்த புழுவில் கசிய ஒன்றும் மிஞ்சியிருக்காது. கடி இல்லாவிட்டாலும் மாற்றிவிடுவதே நல்லது.

புழுவுக்குச் சோம்பல்பட்டவர்கள் கோழிக்கடையில் குடல் வாங்கி வருகிறார்கள். நாற்றம் தூரம் போகும், முள்ளில் நன்றாகப் பிடித்தும் நிற்கும். ஆனால் அதற்கு வந்து மாட்டுவது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு வளர்க்கத் தடை போட்ட மீன் இது. குளங்களில் திருட்டுத்தனமாக வளர்த்தது வெள்ளத்தில் ஏறி ஆறு குளமெல்லாம் பரவிவிட்டது. பிடித்தால் திரும்ப விடாதீர்கள் என்று தயக்கமில்லாமல் சொல்லக்கூடிய மீன் இது ஒன்றுதான்.

வெள்ளம் வேறு சிலதையும் அவிழ்த்துவிடும். குளக்கரை உடைந்தாலோ கலிங்கு வழிந்தாலோ பண்ணைக் கெண்டைகள் ஆற்றுக்கு வந்துவிடும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஒரே தண்ணீரில் மூன்று மாடியில் குடியிருப்பவை. கட்லா மேல்மட்டத்தில் வாயை மேல்நோக்கி வைத்துக்கொண்டு மிதவையுயிரிகளைத் தின்னும். ரோகு நடுவில். மிர்கால் அடித்தரையில். ஆகவே இங்கே இரையை விட ஆழம் முக்கியம்: மயிலிறகுத் தண்டில் செய்த தக்கையை நரம்பில் ஒரு முழம் மேலே நகர்த்துவதா கீழே இறக்குவதா என்பதில் மீன் மாறிவிடும். இரை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேர்க்கடலைப் புண்ணாக்கு, வறுத்த தவிடு, பிணைப்புக்கு மைதா. ஏலக்காய்த் தூளும் பெருங்காயமும் சேர்ப்பவர்கள் உண்டு, ஆளுக்கொரு ரகசியம். உண்மையான நுட்பம் பிசைவதில் இருக்கிறது. கெட்டியாகப் பிசைந்தால் குளிர்ந்த நீரில் உருண்டை கல்லாகி, மந்தமாக இருக்கிற மீன் உறிஞ்சிப் பார்த்துத் துப்பிவிடும். தளர்த்தினால் ஓட்டத்தில் கரைந்துபோகும். அதற்காகவே பழைய ஆட்கள் மாவோடு கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பிசைவார்கள்; மாவு இளக்கமாகவே இருக்கும், முள்ளை விட்டும் போகாது.

தை பிறக்கும்போது மழை ஓய்ந்து, வண்டல் படிந்து, தண்ணீர் தெளியத் தொடங்கும். இப்போது விரால்.

விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன். தலைக்குள் செவுளுக்கு மேலே அதற்கென ஓர் அறை இருக்கிறது. அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆக்சிஜன் குறைந்த விடியலில் மற்ற மீன்கள் திணறும்போது இதற்கு அந்தக் கவலை இல்லை. குளிர்தான் இதை முடக்குகிறது. ஆகாயத்தாமரைக் கொத்துக்கு அடியில் அசையாமல் கிடக்கும். பத்து மணி வெயிலில் ஓரத்து ஆழமில்லாத தண்ணீர் சூடேறியதும் நகர்ந்து அங்கே வரும். அந்த நேரம்தான் அதற்கு வலை விரிக்காமல் தூண்டில் வீசுகிறவர்களின் நேரம். கண்ணும் கூர்மை, உடலின் பக்கக்கோட்டால் அதிர்வை உணர்வதும் கூர்மை. செத்த இரையில் அதற்கு அவ்வளவு ஈடுபாடில்லை. தவளையையோ குட்டிக் கெண்டையையோ செடிக்கும் வெட்டவெளிக்கும் நடுவில் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். குளிர்காலத்தில் அந்தத் தட்டுதலுக்கு இடையில் நிறுத்தம் நீளமாக இருக்க வேண்டும். ஆடியில் பாய்ந்து வந்து கவ்விய அதே விரால், தையில் பின்னாலேயே வந்து யோசிக்கும்.

உயிர்த்தவளையின் இடத்தை இப்போது ரப்பர் தவளை பிடித்துவிட்டது. இளைஞர்கள் கையில் சுருள் பொருத்திய கம்பும் பெட்டியில் நாலைந்து நிறத்தில் ரப்பர் தவளையுமாக வருகிறார்கள். அது நல்லதே. வயலில் பூச்சி தின்னும் தவளையை ஏற்றுமதிக்காகக் கண்டமேனிக்குப் பிடித்ததன் விளைவைப் பார்த்துத்தான் 1987இல் தவளைக்கால் ஏற்றுமதியே நிறுத்தப்பட்டது.

விரால் விஷயத்தில் முகம் சுளிக்க வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் முட்டையிட்டுப் பொரித்த செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேற்பரப்பில் கொதிப்பது போலத் தெரியும். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். குஞ்சுக் கூட்டத்தின் நடுவில் தவளையைப் போட்டால் பெரிய மீன் நிச்சயம் பாயும், பசியால் இல்லை, விரட்டுவதற்காக. ஒரு மீன் கிடைக்கும்; காவல் போன குஞ்சுகளைக் கொக்கும் மற்ற மீன்களும் அன்றே காலி செய்துவிடும். இதைத் திறமை என்று வீடியோ எடுத்துப் போடுகிறவர்களுக்கு அடுத்த வருடக் கணக்கு தெரியவில்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜிலேபிக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. 1952இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த இந்த ஆப்பிரிக்க மீன் சோற்றுப் பருக்கையையும் கடிக்கும். 20 டிகிரிக்குக் கீழே போனால் அதற்கும் தீனியில் மனம் போகாது. டெல்டா அவ்வளவு தூரம் குளிர்வது அபூர்வம்.

ஆறுகள் கடலைத் தொடும் இடத்தில் கணக்கு வேறு. பிச்சாவரத்தின் அலையாத்திக் கால்வாய்களும் கோரையாறு, பாமணியாறு வந்து சேரும் முத்துப்பேட்டைக் காயலும் மழை வெள்ளத்தில் உப்பை இழந்து கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். மார்கழி பாதிக்கு மேல் வெள்ளம் வடிய வடிய உப்பு அங்குலம் அங்குலமாக உள்ளே ஏறும். அந்த உப்போடு இறால் வரும், இறாலோடு கொடுவா வரும். கொடுவா கடலோரத்தில் முட்டையிட்டு, குஞ்சுகள் காயலிலும் ஆற்றிலும் வளரும் மீன். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறிவிடும்; கை கொள்ளாத பெரிய கொடுவா பெரும்பாலும் பெண்தான். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் இதைப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்த பிறகு பண்ணைக் கொடுவா சந்தைக்கு வந்தது. ஆனாலும் முகத்துவாரக் கொடுவாவுக்கு இருக்கிற கிராக்கி தனி.

இதற்கு இரை உயிருள்ள வெள்ளை இறால். கோப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இறாலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தலைக் கொம்பின் அடியில், ஓட்டுக்குள் ஒரு கரும்புள்ளி தெரியும். முள் அதில் பட்டால் இறால் அங்கேயே செத்துவிடும். புள்ளிக்கு முன்னால், கொம்பின் அடிப்பகுதியில் மட்டும் முள்ளைக் குறுக்காக நுழைத்தால் அது நெடுநேரம் உதைத்துக்கொண்டிருக்கும். ஓட்டம் வேகமாக இருந்தால் சிலர் வாலின் கடைசிக் கணுவில் கோப்பார்கள். செத்த இறால் நண்டுக்குத்தான் விருந்து. தூக்கிப் பார்த்தால் முள் மட்டும் பளபளக்கும்.

இந்தக் கரையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குறுகலான அலையாத்திக் கால்வாயில் அதுவே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றத் தொடங்கும்போது, வேர்களுக்கிடையே மேய்ந்த குட்டி மீனும் இறாலும் கால்வாய் வாய் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். கொடுவா அங்கே காத்து நிற்கும். இரையும் அங்கே இருந்தால் சரி. வாடைக்காற்று பலமாக அடித்துக் கடலில் இறங்க முடியாத நாட்களில் கட்டுமரக்காரர்களும் இந்தக் கால்வாய்ப் பக்கம் திரும்புவதால் இடம் கிடைப்பதே சிரமமாகிவிடும்.

மடவைக்காக இங்கே உட்கார்ந்து பொறுமை இழந்தவர்கள் ஏராளம். அது பாசியையும் சேற்று மக்கையும் மேய்கிற மீன். புழுவோ இறாலோ அதன் கண்ணுக்குத் தீனியே இல்லை. சின்ன முள், மிளகளவு மைதா, மெல்லிய நரம்பு. அதுவும் பலிக்காவிட்டால் வீச்சு வலை.

பிச்சாவரத்து இருளர்கள் இதில் எதையும் நம்பியில்லை. மார்பளவு தண்ணீரில் மெல்ல நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி, விரலில் பட்ட இறாலை அப்படியே பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பெட்டிக்குள் போடுவார்கள். மார்கழிக் குளிரில் மணிக்கணக்காகத் தண்ணீருக்குள் நிற்கும் வேலை அது. கால்களைச் சிப்பி ஓடு கிழிக்கும். கரையில் தூண்டில்காரர் கைக்கு வரும் இரை இறாலில் இப்படிப் பிடித்ததும் கலந்திருக்கும்.

இரையும் பொறுமையும் இல்லாதவர்கள் பேட்டரியும் மின்கம்பியும் எடுத்து வருகிறார்கள். இல்லாவிட்டால் வயலுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைக் குட்டையில் ஊற்றுகிறார்கள். தண்ணீரில் விஷம் கலப்பதையும் வெடி போடுவதையும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. சட்டத்துக்கு வயது நூறைத் தாண்டியும் வழக்கம் ஓயவில்லை.

ஜனவரி 28க்குப் பிறகு மேட்டூரின் ஓட்டம் நின்றால் கிளையாறுகள் மணல் தெரிய ஒடுங்கி, மதகடியிலும் பாலத்தடியிலும் மடுக்களாகத் தங்கும். தப்பிப் போக வழியில்லாத மீனுக்கு ஊத்தாக் கூடையும் வீச்சு வலையும் போதும். விரால் மட்டும் சேற்றுக்குள் இறங்கி ஈரத்தில் காத்துக் கிடக்கும். சம்பா அறுத்த வயல் மாசியில் வெடிக்கத் தொடங்கினால் மண்புழுவுக்கு வாழைக்கொல்லையோ வீட்டுக் கழிநீர் ஓடும் சாய்க்கடை ஓரமோதான் கதி. அங்கேயும் கிடைக்காதவர்கள் மளிகைக் கடையில் கால் கிலோ மைதா வாங்கிக்கொண்டு குளத்துக்குப் போகிறார்கள்.