இரும்பில் ஏறிய பொன் கம்பி

பழைய இந்திய வாள்களின் இரும்புப் பிடியில் பூவும் கொடியுமாக மின்னும் பொன், வெள்ளிக் கம்பிகள் பற்றாசு வைத்து ஒட்டியவை அல்ல; உளியாலும் சுத்தியலாலும் பதித்தவை. இதற்கு இரண்டு முறைகள் இருந்தன.

தஹ்நிஷான் முறையில், வரைந்த கோட்டின் வழியே இரும்பில் பள்ளம் வெட்டுவார்கள். பள்ளத்தின் வாய் குறுகலாகவும் அடி அகலமாகவும் இருக்கும். கம்பியை வைத்துத் தட்டும்போது, இளகிய உலோகமான பொன் நசுங்கி அடியில் பரவிச் சிக்கிக்கொள்ளும். பொன் அதிகம் செலவாகும், உழைப்பும் அப்படியே.

கோஃப்த்காரியில் பள்ளமே இல்லை. இரும்பின் மேற்பரப்பு முழுவதையும் கூரிய உளியால் குறுக்கும் நெடுக்குமாக நெருக்கமாகக் கீறி, அரம் போலச் சொரசொரப்பாக்குவார்கள். பிறகு அனலில் காட்டினால் இரும்பு நீலம் பாயும். மயிரிழை போன்ற பொன் கம்பியைக் கோலத்தின்படி வளைத்து வைத்துத் தட்டினால் கீறலின் பற்கள் அதைக் கவ்விக்கொள்ளும். மீண்டும் சூடாக்கி, வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்த்தால் கீறல்கள் அடங்கி, நீல இரும்பில் பொன் மட்டும் துலங்கும். உள்ளங்கை உராய்ந்து பொன் உதிர்ந்த இடத்தை உற்றுப் பார்த்தால், அந்தக் கீறல் வலை இன்றும் தெரியும். பாதரசம் கலந்து பூசிய முலாமிலிருந்து கோஃப்த்காரியைப் பிரித்தறிய இது நல்ல அடையாளம்.

ராஜஸ்தானும் பஞ்சாபின் சியால்கோட்டும் இந்தக் கம்பி வேலையில் பெயர்பெற்றவை. தஞ்சை ஆசாரிகளின் பெருமை வேறு: இரும்பையே யாளியாகவும் கொடியாகவும் செதுக்குவது. தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன.

தெற்கே, பாளையக்காரர்கள் என்ற குறுநிலத் தலைவர்கள் ஆண்ட கரிசல் சீமையில் பழைய வாள்கள் அரிதானதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் பாளையக்காரர் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஆங்கிலேயப் படைத்தலைவர் மேஜர் பானர்மன், பாளையக்காரர்கள் கோட்டைகளை இடித்து ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார். ஒரு போரின் முடிவு, கைவினைச் சான்றுகளின் அழிவாகவும் ஆனது. இது பெரிய இழப்பு.

வடக்கிலும் கதை ஏறக்குறைய இதுதான். 1849இல் பஞ்சாப் ஆங்கிலேயர் வசமானதும் வாளுக்குக் கிராக்கி போயிற்று. சியால்கோட் கலைஞர்கள் அதே பொன் வேலையைப் பெட்டிகளிலும் மைக்கூடுகளிலும் செய்து ஐரோப்பியருக்கு விற்றார்கள். உதய்பூரில் ஆயுதக் கைவினைஞர்களான சிக்லிகர் குடும்பங்கள் இப்போதும் வாள்பிடிகளிலும் குத்துவாள்களிலும் கம்பி பதித்து வருகின்றன.