குறைந்த மின்னழுத்தத்தில் ஒலிபெருக்கி

கேமரன் மலையில் திரிங்காப் வட்டாரத்தில் காய்கறி ஏற்றும் பெரிய லாரிகளும் உண்டு. தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஏறும் லாண்ட் ரோவர்களும் உண்டு. பெரிய லாரிகளின் மின்னமைப்பு பெரும்பாலும் 24 வோல்ட்டு. லாண்ட் ரோவருக்கோ 12 வோல்ட்டு. லாரிக்கென அமைந்த ஒலிபெருக்கிக் கருவியைத் திருவிழா ஊர்வலத்துக்காகச் சிறிய வண்டியில் பூட்டினால் என்ன நேரும்? சில கருவிகள் பேசவே மாட்டா. பேசுகின்ற கருவியைப் பற்றியே ஈண்டு ஆராய்வோம்.

மைக்கில் பிறக்கும் சிறிய மின்னலையைப் பெரிதாக்குவது கருவியின் வேலை. ஆனால், பேட்டரி தரும் அழுத்தத்தை மீறி அவ்வலை வளர இயலாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! எளிய அமைப்பில், 24 வோல்ட்டில் அலை மேலும் கீழுமாக 12 வோல்ட்டு வரையிலும், 12 வோல்ட்டில் 6 வோல்ட்டு வரையிலுமே செல்லலாம். இவ்விரண்டிலும் டிரான்சிஸ்டர்கள் சுமார் 2 வோல்ட்டை விழுங்குவதாகக் கொள்வோம். எஞ்சுவன 10, 4.

ஆற்றலைக் காண இவ்வெண்ணை அதனாலேயே பெருக்கி, ஒலிபெருக்கித் தடையின் இருமடங்கால் வகுக்க வேண்டும். தடை 8 ஓம் எனில், முன்னது 6.25 வாட், பின்னது 1 வாட். அழுத்தம் பாதியானதும் ஆற்றல் ஆறில் ஒரு பங்காகிவிட்டது!

இதைக் கண்டு மனம் தளர வேண்டா. ஓசை பாதியாகத் தோன்றுவதற்கே ஆற்றல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். ஆகவே, நம் செவிக்குப் பாதிக்கு மேற்பட்ட ஓசை இன்னும் எஞ்சியிருக்கிறது.

உண்மையான கேடு வேறிடத்தில் உள்ளது. ஓசை போதவில்லை என்று குமிழைத் திருகுகிறோம். அலையின் உச்சி வெட்டுண்டு தட்டையாகிறது, குரல் கரகரக்கிறது, கேட்போர் செவி களைக்கிறது. கூட்டத்து இரைச்சலிடையே ல, ழ, ள வேறுபாடும் மங்கக்கூடும். பேச்சாளருக்கு உச்சரிப்புப் போதாது என்ற வீண்பழியும் வரலாம்.

ஆதலால் கரகரப்புத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே குமிழை நிறுத்துக. மைக்கை வாயருகே பிடித்தால், சுற்றுப்புற இரைச்சலைவிடக் குரல் ஓங்கும். குறைந்த ஆற்றலிலும் உரக்கப் பேசும் கூம்பு ஒலிபெருக்கியைத் தேர்க. பேட்டரிக்குச் செல்லும் கம்பி மெல்லியதாயின், உள்ள அழுத்தத்திலும் ஒரு பகுதி வழியிலேயே வீணாகும்.

தடையை 4 ஓமாகக் குறைத்தால் ஆற்றல் ஏறும். மின்னோட்டமும் ஏறுமாதலால், கருவி தாங்குமா என்று முதலில் அறிக. புதிதாக வாங்குவோர் 12 வோல்ட்டுக்கென்றே அமைந்ததை வாங்குவது நலம். கார் வானொலிக்கு வந்த டி.டி.ஏ. 2003 என்னும் சில்லு, 8 முதல் 18 வோல்ட்டு வரை இயங்கவல்லது.

விழாவில் நாம் நாடுவது பேரிரைச்சலன்று. சொல் தெளிவாகச் சென்று சேர்வதே. அதற்குத் தூய்மையான ஒரு வாட், கரகரக்கும் பல வாட்டினும் மேலானது.