பாலைவனத்துக்குள் போவது இலேசு, திரும்பி வரத்தான் திட்டம் வேண்டும்

டிசம்பர் விடுமுறை நெருங்கும்போது இறக்காமம், வரிப்பத்தான்சேனை, அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது வீடுகளில் ஒரு பேச்சு அடிபடும். கட்டாரிலோ ஐக்கிய அரபு அமீரகத்திலோ வேலை செய்யும் மகன் அல்லது மருமகன், மனைவி பிள்ளைகளை விசிட் விசாவில் அழைக்கிறார். வசதி இருந்தால் உம்மாவும் வாப்பாவும் சேர்ந்து போகிறார்கள். ஊர் சுற்றிப் பார்க்கும் பட்டியலில் பாலைவனத்துக்கு ஒரு நாள் கட்டாயம் இருக்கும். மணல் மேட்டில் இருந்து வாகனம் சரிந்து இறங்குவதும், பிள்ளைகள் கத்திச் சிரிப்பதும் அன்றிரவே குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும்.

அந்த வீடியோவில் வராத வேலைகள் பல உண்டு. டயரில் காற்றை இறக்குவது, புதைந்த சில்லைச் சுற்றித் தோண்டுவது, தண்ணீரைக் கணக்குப் பார்ப்பது, நேரம் பார்த்துத் திரும்புவது எல்லாம் அதில் அடங்கும். பயணம் நல்லபடி முடிவதும் முடியாததும் இவற்றில்தான் தங்கியிருக்கிறது. நம்மவர்கள் அதிகம் போகும் இடங்களில் ஒன்றான கட்டாரின் கோர் அல் உதைதை எடுத்துக்கொண்டு இவற்றை விளக்கலாம்.

போகும் பாதையும் திரும்பும் பாதையும்

கோர் அல் உதைத் டோஹாவுக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. கடல் பாலைவனத்துக்குள் நுழைந்து ஓர் ஏரிபோலக் கிடப்பதால் அதை உள்நாட்டுக் கடல் என்றும் அழைக்கிறார்கள். மறுகரை சவூதி அரேபியா. கட்டார் அரசு 2007இல் இதைப் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பிரதேசமாக அறிவித்தது. தார் வீதி மெசயீத் நகரைத் தாண்டி சீலைன் கடற்கரையோடு முடிந்துவிடும். அதன்பிறகு மணல்தான். நான்கு சில்லுகளும் இழுக்கும் வாகனம் இல்லாமல் போக முடியாது.

இங்கே காற்று பெரும்பாலும் வடமேற்கில் இருந்து வீசுகிறது. ஷமால் என்று அரபிகள் சொல்லும் காற்று அது. மணல் மேட்டின் காற்று வீசும் பக்கம் மெல்லச் சாய்ந்தும் ஓரளவு இறுகியும் இருக்கும். மறுபக்கம் மணல் உதிர்ந்து விழுந்து 30 பாகையைத் தாண்டிய செங்குத்தான, மிகத் தளர்வான சரிவாக நிற்கும். சீலைனில் இருந்து தெற்கே போகும்போது மெல்லிய சரிவில் ஏறிச் செங்குத்துச் சரிவில் இறங்குகிறோம். திரும்பி வரும்போது அதே செங்குத்துச் சரிவுகள் சுவர்போல எதிரே நிற்கும். அவற்றில் ஏற முடியாமல், சுற்றிப் போகும் வழி தேட வேண்டிவரும்.

காலையில் சுலபமாகத் தெரிந்த பாதை மாலையில் கடினமாவதற்கு இதுதான் காரணம். பிள்ளைகள் களைத்திருக்கும் நேரமும், எரிபொருள் குறைந்திருக்கும் நேரமும் அதுவே. அதனால் பாலைவனப் பயணத்தைத் திட்டமிடுவது என்றால் திரும்பி வருவதைத் திட்டமிடுவது என்றே பொருள்.

2024இல் நடந்தது

2024 ஆகஸ்டில் சவூதி அரேபியாவின் ருப் அல் காலிப் பாலைவனத்தில் ஓர் இந்தியத் தொழிலாளியும் அவருடைய சூடான் நாட்டுச் சக ஊழியரும் வழி தவறி இறந்துபோனார்கள். ஜி.பி.எஸ். வேலை செய்யாமல் போனதாகவும், எரிபொருள் தீர்ந்து கைபேசியின் சார்ஜும் முடிந்ததாகவும் செய்திகள் தெரிவித்தன. வாகனத்துக்கு அருகிலேயே, தொழுகை விரிப்புகளின் பக்கத்தில் அவர்களுடைய உடல்கள் கிடைத்தன.

அது கோடை காலம். சென்றவர்கள் உல்லாசத்துக்குப் போனவர்களும் அல்லர், வேலைக்குப் போனவர்கள். ஆனாலும் கைவிட்டவை நாம் நம்பிப் போகும் அதே பொருட்கள்தான். வழி தவறினால் வாகனத்தை விட்டு விலகக் கூடாது என்பது பாலைவனத்தின் முதல் விதி. நடந்து போகும் மனிதனைவிட வாகனத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது, நிழலும் அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த விதி காப்பாற்ற வேண்டுமென்றால், தேடுபவர்கள் வந்து சேரும்வரை போதுமான தண்ணீர் வேண்டும். எங்கே தேடுவது, எத்தனை மணிக்குத் தேடத் தொடங்குவது என்று வெளியே ஒருவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

எப்போது போவது

குடும்பத்துடன் போவதற்கு நவம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் வரையான காலம் பொருத்தமானது. அதற்கு வெளியே பகல் வெயில் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் தாங்காது. டிசம்பரில் டோஹாவில் மாலை 4.45 அளவிலேயே மஃரிப் ஆகிவிடும். அது நம் ஊரைவிட ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் முந்திய நேரம். ஊரில் இருந்து போனவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

காலையில் பனி ஈரத்தில் மணல் சற்று இறுகியிருக்கும். உச்சி வெயிலில் நிழல் விழாததால் மேட்டின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது, எதிர்ப்பக்கம் பள்ளமா சமதரையா என்று விளங்காது. இரவில் இன்னும் மோசம். எனவே விடியற்காலையில் புறப்பட்டு, லுஹருக்குப் பிறகு அதிகம் தாமதிக்காமல் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் வந்ததும், இன்னும் ஒரு மேடு பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் திரும்பிவிட வேண்டும்.

வாகனமும் ஆவணமும்

உயரமாக இருக்கும் எல்லா வாகனமும் பாலைவன வாகனம் ஆகாது. நான்கு சில்லுகளுக்கும் இழுவையும், குறைந்த கியர் வசதியும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். வாடகை வாகனம் என்றால் ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும். தார் வீதியை விட்டு இறங்குவதைப் பல வாடகை ஒப்பந்தங்கள் தடுக்கின்றன. பல காப்புறுதிகளும் மணலில் ஏற்படும் சேதத்தை ஏற்பதில்லை. ஒரு தடவை புரண்டால் பல மாதச் சம்பளம் போய்விடும்.

தனி வாகனத்தில் போகவே கூடாது. குறைந்தது இரண்டு வாகனங்கள் வேண்டும், அவற்றில் ஒன்றையாவது மணலில் பழகிய ஒருவர் ஓட்ட வேண்டும். அப்படி ஆள் கிடைக்காவிட்டால், அனுமதி பெற்ற சுற்றுலா நிறுவனத்தின் வாகனத்தைச் சாரதியோடு அமர்த்துவதுதான் சரி. குமண வனப் பூங்காவுக்கு ஒக்கந்த வாசலால் போயிருப்பவர்களுக்கு டிக்கெட்டும், வழிகாட்டியும், குறித்த பாதையும் பழக்கம். இங்கே உள்ளே போனவர் வெளியே வந்தாரா என்று யாரும் வாசலில் எண்ணுவதில்லை.

டயரில் ஏன் காற்றை இறக்குகிறார்கள்

தார் வீதியில் டயரில் 35 பி.எஸ்.ஐ. அளவில் காற்று இருக்கும். மணலில் அதை 15 முதல் 18 வரை குறைக்கிறார்கள். காற்றுக் குறைந்தால் டயர் தட்டையாகி, தரையில் படும் பகுதி நீளும். வாகனத்தின் பாரம் கூடிய பரப்பில் பரவுவதால் சில்லு மணலை வெட்டி இறங்காமல் மேலே மிதந்து ஓடும். சேற்று வயலில் வெறுங்காலோடு நடப்பதைவிட பலகை போட்டு நடந்தால் கால் புதையாது என்பதுபோலத்தான்.

காற்றுக் குறைந்த டயரோடு வேகமாகப் போய் சடுதியாகத் திருப்பினால் டயர் வளையத்தை விட்டுக் கழன்றுவிடும். அதனால் மெதுவான, அகலமான திருப்பங்கள் வேண்டும். தார் வீதிக்கு ஏறுமுன் மீண்டும் காற்று நிரப்ப வேண்டும். காற்று அளக்கும் கருவி, காற்றுப் பம்பி, மண்வெட்டி, இழுக்கும் கயிறு, சில்லுக்கு அடியில் வைக்கும் பலகை ஆகியவை கட்டாயம் இருக்க வேண்டும்.

மேட்டில் நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். சரிவில் குறுக்காகப் போனால் வாகனம் உருளும். ஏற முடியாவிட்டால் திருப்பாமல் வந்த தடத்திலேயே பின்னால் இறங்க வேண்டும். நிறுத்தும்போது முன்பக்கம் இறக்கத்தைப் பார்த்திருந்தால் மீண்டும் புறப்படுவது எளிது.

சில்லு புதைந்தால் எஞ்சினை உறுமவிடக் கூடாது. ஒவ்வொரு சுற்றும் இன்னும் ஆழமாகத் தோண்டும். எல்லாரையும் இறக்கி, சில்லுகளின் முன்னும் பின்னும் மணலை வாரி, காற்றை இன்னும் கொஞ்சம் குறைத்து, வந்த தடத்தில் பின்னால் எடுத்துப் பார்க்க வேண்டும். கயிறு கட்டி இழுக்கும்போது பிள்ளைகளும் வேடிக்கை பார்ப்பவர்களும் தூரத்தில் நிற்க வேண்டும். இறுகிய கயிறோ கொளுக்கியோ அறுந்து வந்து அடித்தால் உயிர் போகும்.

காய்ந்த குளத்து அடி

கடலோரத்தில் மணலைவிட ஆபத்தான ஒரு தரை உண்டு. சப்கா என்பார்கள். மேலே உப்புப் படிந்து வெள்ளையாக, சமமாக, கெட்டியாகத் தெரியும். அடியில் சேறு. கோடையில் குளம் வற்றும்போது வெடித்துக் காய்ந்த மேல்தரையை நம்பி இறங்கிய மாடு நடுவில் புதைவதை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. சப்காவில் இறங்கிய வாகனத்தை இன்னொரு வாகனத்தால் இழுப்பதும் கடினம். இழுக்கப் போனதும் சேர்ந்து புதையும். பலர் போய்ப் பதிந்த தடத்தை விட்டு விலகாமல் இருப்பதே வழி. கடல் பெருக்கு நேரத்தில் காலையில் வந்த கரையோரத் தடம் தண்ணீருக்குள் போய்விடவும் கூடும். பெருக்கு நேரத்தை இணையத்தில் முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

அமீரகத்திலும் ஓமானிலும் போகிறவர்கள் வாதிகளில் கவனமாக இருக்க வேண்டும். காய்ந்த ஆற்றுப் பள்ளம் அது. மலையில் பெய்த மழை, மழையே இல்லாத இடத்துக்குச் சில நிமிடங்களில் வெள்ளமாக வந்து சேரும். 2024 ஏப்ரலில் ஓமானில் வெள்ளம் வாகனங்களை அடித்துச் சென்றதில் பாடசாலை மாணவர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். வெள்ளம் ஓடும் வாதிக்குள் வாகனத்தை இறக்கினால் 2,000 திர்ஹம் தண்டம், 23 கரும்புள்ளிகள், 60 நாட்கள் வாகனம் தடுத்துவைப்பு என்று அமீரகம் 2023இல் சட்டம் கொண்டுவந்தது.

ஆட்களுக்கான கணக்கு

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 லீற்றர் தண்ணீர் என்று கணக்கிடலாம். ஒரு நாள் பயணமானாலும் இரண்டு நாளுக்கு எடுக்க வேண்டும். ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு 60 லீற்றர், அதாவது பெரிய 20 லீற்றர் போத்தல் மூன்று. அதை ஒரே வாகனத்தில் ஏற்றாமல் இரண்டிலும் பிரித்து வைக்க வேண்டும். தண்ணீர் குறைந்துவிட்டால் குடிப்பதற்கே முதலிடம். ஒளுவுக்குப் பதிலாகத் தயம்மும் செய்ய மார்க்கம் வழி காட்டியிருக்கிறது. எரிபொருளும் மணலில் தார் வீதியைவிட மிகக் கூடுதலாகச் செலவாகும். நிறைந்த டாங்கியோடுதான் இறங்க வேண்டும்.

பயணத்தின் வேகத்தையும் தூரத்தையும் வாகனத்தில் இருக்கும் பலவீனமானவரைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். முள்ளந்தண்டு வலி உள்ள உம்மாவையும், கர்ப்பிணிகளையும், கைக்குழந்தைகளையும் மணல் மேட்டில் குலுக்கக் கூடாது. அவர்கள் சீலைன் கடற்கரையிலேயே இருந்து மகிழலாம். நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலினைக் குளிர்ப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும். எல்லாரும் இருக்கைப் பட்டி போட வேண்டும். சாளரத்தால் தலையை நீட்டிப் படமெடுப்பதும், பிள்ளையை மடியில் வைத்து ஓட்டுவதும் வேண்டாம். வாடகைக்குக் கிடைக்கும் நான்கு சில்லு மோட்டார் சைக்கிள்களைப் பிள்ளைகளிடம் கொடுப்பதும் அப்படித்தான். வளைகுடா மருத்துவமனைகள் பாலைவனப் பருவத்தில் எதிர்கொள்ளும் காயங்களில் அதனால் வருபவை பல.

இரவு தங்குபவர்கள் குளிருக்கு உடுப்பு எடுக்க வேண்டும். ஊரில் கிடைக்காத குளிர் அது. அதற்காகக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்து மூடிப் படுக்கக் கூடாது. கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் நிறமும் இல்லை. தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

புறப்படுமுன் ஒரு செய்தி

கடைசி வேலைக்கு ஐந்து நிமிடம் போதும். பயணத்தில் சேராத ஒரு நண்பருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். எந்தப் பாதை, எத்தனை வாகனம், அவற்றின் இலக்கங்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் தார் வீதிக்கு வருவோம் என்பவை அதில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும் தொடர்பு இல்லையென்றால் பொலிசை அழைக்கும்படி அவரிடம் சொல்லிவைக்க வேண்டும். கட்டாரிலும் அமீரகத்திலும் 999, ஓமானில் 9999, குவைத்தில் 112. வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி கைபேசியில் இறக்கிவைத்து, சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நண்பர் வளைகுடாவில் இருப்பவராக இருப்பது நல்லது. ஊரில் இருக்கும் வாப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனால் அவரால் கவலைப்பட மட்டுமே முடியும். வாகனங்கள் தார் வீதிக்கு ஏறியதும் அந்த நண்பருக்கு முதலில் சொல்லிவிட்டு, பிறகு ஊருக்கு வீடியோ அனுப்பலாம்.