ஏரிக்குத் தேய்மானம் எழுதுவது யார்?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பையைத் தாண்டி ஒரகடம் போகிற வழியில் இருக்கிறது சேரப்பணஞ்சேரி. கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என எல்லாம் தயாராகும் வட்டாரம். இங்குள்ள எந்த ஆலையின் ஆண்டுக் கணக்கைப் புரட்டினாலும் தேய்மானம் என்றொரு வரி இருக்கும். இயந்திரத்தின் தேய்மானத்தைக் கழிக்காமல் லாபம் காட்டினால் தணிக்கையாளர் கையெழுத்துப் போடமாட்டார். அதே ஆண்டில் பக்கத்து ஏரியில் வண்டல் மேவிக் கொள்ளளவு குறைந்தால், அது எவர் கணக்கிலும் ஏறாது.

பட்டா நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு உண்டு. மேய்க்காலுக்கும் ஓடைப் புறம்போக்குக்கும் அப்படி விலை பேச ஆளில்லை. விலையில்லாததைச் சும்மா கிடப்பதாக நினைப்பது நம் வழக்கம். ஆனால் காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகள் சங்கிலித் தொடர். ஒன்றின் கலங்கலில் வழிவது கால்வாயில் இறங்கி அடுத்ததை நிரப்பும்; கடைசியில் செம்பரம்பாக்கம் ஏரிக்கோ அடையாற்றுக்கோ போய்ச் சேரும். நடுவில் ஒரு கால்வாயைத் தூர்த்தால் மேலே தண்ணீர் தேங்கும், கீழே ஏரி காயும். மடை திறந்து பழகிய எவரும் இதைச் சொல்வார்.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அன்று பெய்த மழை அசாதாரணமானதுதான். ஆனாலும் வெள்ளத்தில் ஹூண்டாய், ரெனோ-நிசான், ராயல் என்ஃபீல்டு ஆலைகள் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தபோது, நீர்வழிகளுக்கும் அசெம்பிளி லைனுக்கும் உள்ள உறவு அம்பலமானது. நான்கே ஆண்டில், 2019 கோடையில், 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் அதே ஏரி வறண்டது.

அந்த ஆண்டுதான் கோயம்பேட்டில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. சென்னையின் சாக்கடை நீர் சவ்வூடு வடிகட்டப்பட்டு, குழாய் வழியே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கு வருகிறது. நல்ல திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அதில் சுவையானது அதன் விலைப் பட்டியல். ஏரி காசு வாங்காமல் செய்துவந்த வேலைக்கு, அதே வேலையை இயந்திரம் செய்யும்போது ரசீது வருகிறது.

2021-இல் பிரிட்டிஷ் நிதி அமைச்சகத்துக்காகப் பல்லுயிர்ப் பொருளாதாரம் பற்றிய அறிக்கை எழுதிய பார்த்தா தாஸ்குப்தாவும் இயற்கையைச் சொத்துக் கணக்கில் சேர்க்கத்தான் சொன்னார். பராமரிப்பை ஒரு பொறுப்பாக வைப்பது நமக்குப் புதிதுமல்ல: இதே மாவட்டத்து உத்திரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியமே இருந்ததைப் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது.

இன்று நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதியில் ஏரிகளைத் தூர்வாருகின்றன. கரையில் பெயர்ப் பலகையும் நிற்கிறது. வரத்துக்கால்வாய்க்கு அந்த யோகம் அரிது, பலகை நட இடமில்லை போலும்! தருமமாகச் செய்தால் லாபம் குறைந்த ஆண்டில் நின்றுபோகும். மனை பெற்ற ஆலைகளிடம் அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் பராமரிப்புக் கட்டணம் வாங்குகிறது. சாலையோடும் தெருவிளக்கோடும் வரத்துக்கால்வாயையும் அந்தக் கட்டணத்தில் சேர்த்தால், அது உற்பத்திச் செலவில் ஒரு வரியாகிவிடும், தணிக்கையாளரும் கேட்பார்.