சாவி ஏன் வெளியே வர மறுக்கிறது?

காரை நிறுத்தியாயிற்று, சாவி மட்டும் வரவில்லை. பலங்கொண்டு இழுக்காதீர்கள், உள்ளே முறிந்தால் செலவு இரட்டிப்பு.

பூட்டின் உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குட்டி ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்ததும் அவையெல்லாம் உருளையின் விளிம்போடு சமமாகின்றன, உருளை சுழல்கிறது. சுழன்றபின் சுற்றியுள்ள கூடு தகடுகளை அசையவிடாது. அவை நகராமல் சாவி வராது. உருளை முழுதாக ‘லாக்’ நிலைக்குத் திரும்பினால்தான் விடுதலை. மயிரிழை குறைந்தாலும் சிக்கல்தான்.

ஆட்டோமேட்டிக் காரில் கியர் ‘பி’யில் இல்லாவிட்டால் அந்தக் கடைசித் திருப்பமே கிடைக்காது. நிறுத்திய வண்டி உருண்டுவிடக் கூடாதே! சில மாடல்களில் இந்தத் தடையை மின்சாரம்தான் நீக்குகிறது. பேட்டரி தீர்ந்தாலும் சாவி மாட்டும்.

சாவி திரும்பவே மறுத்தால், ஸ்டீயரிங் பூட்டின் கம்பி அழுத்தத்தில் இருக்கலாம். ஸ்டீயரிங்கை இருபுறமும் லேசாக அசைத்தபடி திருப்புங்கள்.

தேய்ந்த சாவியும் தூசியும் மிச்சக் காரணங்கள். கிராஃபைட் தூள் கொஞ்சம் போடலாம். சமையல் எண்ணெய் வேண்டவே வேண்டாம். தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிடும்.